வந்ததை எழுது

எங்கள் வேதியியல் துறைத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் லேமினேட் செய்த தாள் ஒன்று தொங்குகிறது. 'கற்பித்தல் மற்றும் மதிப்பீட்டுக் கொள்கை' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. தட்டச்சு செய்தவள் நான்தான். கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று சொன்னதும், மூன்று நாள் உட்கார்ந்து, பெரிய கல்லூரிகள் இணையத்தில் போட்டு வைத்திருந்ததிலிருந்து வெட்டி ஒட்டித் தயார் செய்தேன். அகமதிப்பீட்டுக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு, செய்முறைத் தேர்வில் எத்தனை சதவீதப் பிழைக்கு எத்தனை மதிப்பெண் என்று எல்லாம் அதில் உண்டு. குழு வந்தது, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது, போய்விட்டது. இப்போது அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் எங்கள் கல்லூரி. சுற்றிலும் நெல் வயல். நவரை அறுவடைச் சமயத்தில் சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கி வரும். நான் அங்கே கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்பது பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூனிலும் 'இந்த வருஷமும் இருக்கேனா சார்?' என்று கேட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டிய உத்தியோகம்.

சுவரில் தொங்குவது ஒரு கொள்கை. நாங்கள் கடைப்பிடித்தது வேறு. அகமதிப்பெண் பட்டியலை முதலில் பென்சிலில்தான் எழுத வேண்டும். துறைத் தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பார். "இவனுக்குக் கொஞ்சம் தூக்கி வுடுங்க மேடம். காலைல களத்து மேட்ல மூட்டை தூக்கிட்டு வர்றான்" என்பார். தூக்கி விடுவேன். அப்புறம்தான் பேனா. வந்த புதிதில் இதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் கோபப்பட்டதே இல்லை. "தேர்ச்சி விகிதம் கொறைஞ்சா கோர்ஸை மூடிடுவாங்க மேடம். மூடினா இந்தப் புள்ளைங்க எங்க போகும்? நீங்கதான் எங்க போவீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதாக இருந்ததுதான் எரிச்சல். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். ஆய்வகத்தில் முதல் நாள், முதல் வகுப்பில், எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்வேன்: "என்ன வருதோ அதை எழுது. வர வேண்டியதை எழுதாதே, வந்ததை எழுது." வருடா வருடம் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவளுக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை அது. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பிறகு பக்கத்துப் பையன் அளவைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கும் தெரியும். சொன்னதோடு என் கடமை முடிந்துவிடும்.

அதை நம்பிய ஒருத்தி வந்தாள்.

சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். ஆள் குள்ளம். ஆய்வகத்தில் குழாயடி ஓரத்து மேசை அவளுடையது. பியூரெட் என்கிற, அடியில் திருகு வைத்த நீளமான கண்ணாடிக் குழாயில்தான் நாங்கள் கரைசலை அளப்போம். அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பும். அவளுக்கு எட்டாது. முதல் வாரம் எக்கி எக்கிப் பார்த்தாள், திட்டினேன். மறு வாரத்திலிருந்து மூலையில் கிடந்த மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்று பார்ப்பாள். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். பையன்கள் சிரிப்பார்கள். அவள் சட்டை செய்ய மாட்டாள்.

ஒருநாள் குடுவைகளைக் கழுவும்போது அவளே சொன்னாள். அண்ணன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம். காலையில் ஐந்து மணிக்கு வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். அவளையும் போகச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு.

"படிக்கிறேன்னு சொல்லிக்கினு கீறேன் மிஸ். ஒரு அரியர் வந்துச்சினா கூட அவ்ளோதான், வேன்ல ஏறிக்கணும்னு அண்ணன் சொல்லிட்ச்சி. இதுவரைக்கும் ஒண்ணு கூட வர்ல."

"படிச்சு என்ன பண்ணப்போற?"

"ஸ்கூல் டீச்சர் மிஸ். லேப் இருக்கிற ஸ்கூலா இருக்கணும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில் செய்முறைத் தேர்வு. இரும்பு உப்புக் கரைசல் ஒன்றை நாங்கள் தயாரித்து ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு ஊற்றிக் கொடுப்போம். அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பியூரெட்டிலிருந்து கத்தரிப்பூ நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நிறம் கரைந்து கரைந்து போகும். ஒரு கட்டத்தில் ஒரு சொட்டு போகாமல் வெளிர் ரோஜாவாக நிற்கும். அங்கே நிறுத்தி அளவை எழுத வேண்டும். சரியான விடை என்ன என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் கொடுக்க வேண்டியது என் வேலை. முதல் நாளே நானே செய்து பார்த்துத்தான் அந்தத் தாளை எழுத வேண்டும். சுவரில் தொங்கும் கொள்கையில் அப்படித்தான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

நான் செய்து பார்க்கவில்லை. போன வருடத் தாளைப் பார்த்து எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எடை அதே எடை, உப்பு அதே உப்பு. தவிர, அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது. மாணவர்கள் ஒவ்வொரு திறனிலும் எந்த நிலையை எட்டினார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'துல்லியமாக அளந்து உள்ளபடி பதிவு செய்தல்' என்ற வரிக்கு நேராக மூன்று என்று போட்டேன். மூன்றுதான் உச்சம்.

உப்பு அதே உப்பு இல்லை. புட்டியின் மூடி எப்போதோ உடைந்து, பாலித்தீன் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். பச்சையாக இருக்க வேண்டிய உப்பு மேலே பழுப்பாக இருந்தது. காற்றுப்பட்டால் அந்த உப்பு துருப்பிடிக்கும். அப்புறம் அது விடையில் சேராது. வேதியியல் படித்த எனக்கு அது தெரியாதா? மேல் பழுப்பைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்து எடை போட்டேன். அடியும் கெட்டுத்தான் போயிருந்தது.

தேர்வு காலையில் தொடங்கியது. இருபத்திரண்டு பேர். தேர்வாளர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கவலை. ஆய்வக உதவியாளர் தண்ணீர்க் கேனோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள். அவர் தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. யாருக்கு எந்த அளவு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குனிந்து ஊற்றும்போது காதோரம் சொல்லிவிடுவார். காசுக்காக இல்லை, பாவம் பார்த்து. இதுவும் எங்கள் துறையின் கொள்கைதான். நான் அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பதினொன்றரை மணிக்கு அவள் என்னிடம் வந்தாள். கையில் கத்தரிப்பூக் கறை.

"மிஸ், மாமா எனுக்கு இருபதுனு சொல்லுது. எனுக்குப் பதினாறரைக்கு மேல போவ மாட்டேங்குது. மூணு வாட்டி பண்ணிட்டேன், அதேதான் வருது. இன்னா மிஸ் பண்றது?"

நான் கேள்வித்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"முதல் நாள் என்ன சொன்னேன்? வந்ததை எழுது."

"சரி மிஸ்" என்று சந்தோஷமாகப் போனாள்.

மணியடித்து எல்லாரும் வெளியே போன பிறகுதான் மேசைகளைப் பார்த்தேன். இருபத்தொரு குடுவையிலும் அடர்ந்த கத்தரிப்பூ நிறம். ரோஜா நிறம் எப்போதோ வந்து போயிருக்கிறது. சொன்ன எண் வரும்வரைக்கும் திருகை மூடாமல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். குழாயடி மேசையில் ஒரே ஒரு குடுவை மட்டும் வெளிர் ரோஜாவாக, பாடப்புத்தகத்தில் சொன்ன மாதிரி நின்றது.

மிச்சமிருந்த கரைசலில் அவளுக்கு ஊற்றிய அளவையே எடுத்து நானே செய்து பார்த்தேன். இருபது வரவேண்டிய இடத்தில் பதினாறு புள்ளி ஆறு. மறுபடி செய்தேன். பதினாறு புள்ளி ஆறு.

துறைத் தலைவர் அறையில் தேர்வாளருக்கு வாழை இலையில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். துறைத் தலைவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வயல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உப்பு கெட்டுப்போச்சுன்னு அவருகிட்ட சொல்றீங்களா?"

"சொல்லிடலாம் சார். அந்தப் பொண்ணோடது சரின்னு ஆகிடும்."

"ஆகும். மீதி இருபத்தொரு பேருக்கும் தாள்ல இருக்கற விடையே எப்படி வந்துச்சுன்னு அவர் கேட்பாரு. என்ன சொல்லுவீங்க?"

அவரே தொடர்ந்தார்.

"அவங்களும் காலனிப் புள்ளைங்க, கூலிக்காரங்க புள்ளைங்கதான் மேடம். இருபத்தொரு வூட்டு வாசல்லயும் வேன் நிக்கும். அந்தத் தாள்ல இருக்கறது யாரு கையெழுத்து? உங்களது." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணுங்க. அவர் சாப்பிட்டு முடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அந்தப் பொண்ணைக் கூப்புட்டு, வேற தாள் குடுத்து, இருபதுன்னு எழுதச் சொல்லுங்க. ஒரு நம்பர்தான். நான் ஒண்ணும் பார்க்கல."

அவர் உள்ளே போய்விட்டார்.

அவள் எதிரில்தான் இருந்தாள். புங்கமரத்தடியில் இன்னும் மூன்று பெண்களோடு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள்.

நான் கூப்பிடவில்லை.

ஒரு பெண்ணைப் பொய் எழுதச் சொல்லிக் கெடுக்க மாட்டேன் என்று அந்த நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு அழகான காரணம்! உண்மை அது இல்லை. அவளைக் கூப்பிட்டால், 'உன் அளவு சரி, என் உப்புதான் தப்பு. ஆனாலும் நீ மாற்றி எழுது' என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வருடா வருடம் உடம்பு சிலிர்க்கச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என் வாயாலேயே திரும்ப வாங்க வேண்டும். எனக்கு என் மரியாதை முக்கியமாக இருந்தது. அதற்கு அவள் படிப்பைக் கொடுத்தேன். பத்து நிமிடமும் அந்த வராந்தாவில் நின்றுகொண்டு கொடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தினோம். நான் எண்களைப் படித்தேன், தேர்வாளர் கால்குலேட்டரைத் தட்டினார். அவள் தாள் வந்தது.

"பிழை பதினேழு சதவீதம். உங்க அட்டவணைப்படி குறைந்தபட்ச மார்க்தான் வருது மேடம்."

நான் தட்டச்சு செய்த அட்டவணை.

"வைவாவில நல்லா பதில் சொன்னா சார். ரெக்கார்டும் நீட்டா இருக்கும்" என்றேன்.

அவர் கூட்டிப் பார்த்தார். தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டவில்லை. "பரவாயில்ல மேடம்" என்று என்னைத் தேற்றினார். "எல்லாரும் பாஸ்னு அனுப்பினா நம்மளைத்தான் சந்தேகப்படுவாங்க. திருஷ்டிக்கு ஒண்ணு இருக்கட்டும்."

மை வைப்பது போலத்தான் அந்தக் கட்டத்தில் நான் எண்ணை எழுதினேன். மூன்றரை மணிக்குப் பல்கலைக்கழகப் போர்ட்டலில் ஏற்றினோம். 'உறுதி செய்கிறீர்களா?' என்று கேட்டது. உறுதி செய்தேன். நாலு மணி பஸ்ஸை அவர் பிடித்துவிட்டார்.

செய்முறையில் தவறினால் மறுபடி எழுத அடுத்த வருடம்தான். ஜூனில் மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது குழாயடி மேசை காலியாக இருந்தது. உதவியாளர்தான் சொன்னார்.

"டி.சி. வாங்கிக்கினு போய்ட்ச்சி மேடம். நான் அத்தினி வாட்டி சொன்னேன், இருபதுனு போடு, இருபதுனு போடுனு. கேட்டாதானே? பேஜாரு புடிச்ச பொண்ணு. மிஸ்ஸு வந்தத எழுதச் சொல்லிட்டாங்கோனு ஒரே புடியா நின்னுக்கினு இருந்துச்சி."

எனக்கு அந்த ஜூனிலும் வேலை நீட்டிப்பு கிடைத்தது. தேர்ச்சி விகிதம் நன்றாக இருந்ததற்குத் துறைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இப்போதெல்லாம் தேர்வுக்கு முதல் நாளே நான் அந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடுகிறேன். புது உப்புப் புட்டியும் வாங்கியாகிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முதல் நாள் வகுப்பில் 'வந்ததை எழுது' என்று மட்டும் சொல்வதில்லை. வாயில் வரமாட்டேன் என்கிறது. பிள்ளைகளுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

போன தை மாதம், சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக இறங்கினார்கள், பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில். அவர்களில் அவள். கழுத்தில் அடையாள அட்டை. எனக்குப் பஸ் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. அதற்குள் பார்த்துவிட்டாள்.

"மிஸ்! நல்லா கீறீங்களா மிஸ்?" ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நல்லா இருக்கேன்மா. வேலை எப்படி?"

"நின்னுக்கினே இர்க்கணும் மிஸ், அதான் காலு வலிக்கும். ஆனா என்னை டெஸ்டிங்ல போட்டுக்கிறாங்கோ. பீஸு வரும், மீட்டர்ல வெச்சிப் பாக்கணும். அங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. மீட்டர்ல இன்னா காட்டுதோ அத்தையேதான் எழுதணும், மாத்தி எழுதுனா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கோ." கொஞ்சம் பெருமையாகச் சிரித்தாள். "எனுக்கு அது பழக்கந்தானே மிஸ். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

என் பஸ் வரவில்லை. வந்து தொலைத்திருக்கலாம்.

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. வெகுநாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த மாதிரி, குரலைத் தணித்துக் கேட்டாள். "மிஸ், கோச்சிக்காதீங்கோ. அன்னிக்கு நான் எங்க மிஸ் தப்பு பண்ணேன்? மூணு வாட்டியும் அதேதான் வந்துச்சி. வேல செய்யிறப்போ அதயே நெனச்சிக்கினு இருப்பேன். எல்லாருக்கும் சரியா வந்துது, எனுக்கு மட்டும் எப்டி தப்பாச்சி?"

சொல்லியிருக்கலாம். இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு இனிமேல் அதனால் படிப்பு திரும்பி வராது. ஆனால் அவள் தப்பு செய்யவில்லை என்பதாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். என் வாய் திறந்தது.

"நீ ரீடிங்கைக் கண்ணுக்கு நேரா பார்க்காம விட்டிருப்பே" என்றேன்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே, அந்த நாளுக்குத் திரும்பிப் போய், அந்த மேசை முன்னால் நின்று யோசித்தாள்.

"ஸ்டூல் மேல ஏறித்தான் மிஸ் பாத்தேன்" என்றாள். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆனா அந்த ஸ்டூலு காலு ஆடும் மிஸ். அதுலதான் தப்பியிருக்கும். என் தப்புதான்."